நாலரை மணிக்குப் பல் தேய்த்தோம்

ஜூன் 9, திங்கள்

பல் டாக்டரம்மா ஒரு தாள் கொடுத்திருக்கிறாள். கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறது. நாளையிலிருந்து ஏழு நாளைக்குத் தன்ஷிகா என்ன சாப்பிட்டாள், என்ன குடித்தாள், எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டு போக வேண்டும். பச்சைத் தண்ணீர் குடித்தாலும் எழுத வேண்டுமாம். எத்தனை தடவை பல் தேய்த்தாள் என்பதற்குத் தனிக் கட்டம்.

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். நேராகத் தாளில் எழுதினால் அடித்தல் திருத்தல் வந்து அசிங்கமாகப் போகும். அதனால் முதலில் இந்த நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு அதில் ஏற்றலாம் என்று எடுத்திருக்கிறேன். இது என் மகன் ராஜாவின் நோட்டு. முன்னால் நாலு பக்கம் அவன் போட்ட கழித்தல் கணக்கு. அஞ்சாவது பக்கத்தில் ‘தேதி’ என்று எழுதிப் புள்ளி வைத்துவிட்டு நிறுத்தியிருக்கிறான். அதற்குப் பக்கத்திலேயே இன்றைய தேதியைப் போட்டேன்.

இசக்கிராஜா என்பது முழுப்பேர். ஒன்பது வயது. போய் எட்டு மாதம் ஆகிறது.

தன்ஷிகா என் கொழுந்தன் மகள். ஆறு வயது, ஒண்ணாம் வகுப்பு. நாங்கள் சங்கரன்கோவில் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள். லைன் வீட்டில் எங்களுக்கு ஏழாம் நம்பர், கொழுந்தனுக்கு எட்டாம் நம்பர். நடுவில் ஒற்றைச் சுவர். பிள்ளையின் அம்மா தங்கமாரி பனியன் கம்பெனிக்குக் காலை எட்டுக்குப் போனால் ராத்திரி எட்டரைக்குத்தான் வருவாள். பள்ளிக்கூடத்தில் விடுவது, கூட்டி வருவது, சோறு ஊட்டுவது எல்லாம் நான்.

சனிக்கிழமை பிள்ளைக்கு மேல் உதடு வீங்கிவிட்டது. இன்று தங்கமாரி லீவு போட்டாள். இரண்டு பேருமாகக் கூட்டிப் போனோம். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. வாயைத் திறந்து பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினாள்.

“முன்னால நாலு பல்லும் வேர் வரைக்கும் போயிருச்சுங்க. சீழ் கட்டியிருக்குது. எடுத்துத்தான் ஆகணும்.”

தங்கமாரி அழ ஆரம்பித்துவிட்டாள். “பால் பல்லுதான டாக்டர்? விழுந்து முளைச்சிராதா?”

“அது முளைக்குமுங்க. இதைப் பாருங்க.” சின்னக் கண்ணாடியைக் கடைவாயில் விட்டுக் காட்டினாள். “கடைசில புதுசா நாலு வந்திருக்குது பாருங்க. ஆறு வயசுல வர்ற பல்லு. இது விழாது, திரும்பி முளைக்காது. கிழவி ஆகுற வரைக்கும் இதை வச்சுத்தான் மெல்லோணும். இதுலயும் மேல்பூச்சு கரைஞ்சு போய்க் கிடக்குது. பிள்ளை கலர் குடிக்குதுங்களா? பாட்டில் கலர்?”

“ஐயோ, இல்ல டாக்டர். எங்கயாச்சும் விசேஷ வீட்டுல குடுத்தாத்தான்.”

“பகல்ல நீங்கதான பாத்துக்குறீங்க?” என்று என்னைக் கேட்டாள்.

நானும் இல்லை என்றேன்.

வரும்போது பஸ்ஸில் தங்கமாரி மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: “யாரோ குடுக்காங்கக்கா. ஸ்கூல் வாசல்லயோ, கடையிலயோ. யாருன்னு மட்டும் தெரியட்டும். அவ நிழல் கூட எம்பிள்ள மேல விழ விடமாட்டேன்.”

“தெரியாமலா போயிரும்” என்றேன்.

தன்ஷிகா என் மடியில் இருந்தாள். அவள் அம்மா மடியில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்து என் மடிக்கு வந்தவள்.


ஜூன் 10, செவ்வாய்

காலை 7.30 இட்லி இரண்டு, சாம்பார். பால் குடிக்கவில்லை.
மதியம் 12.30 ஸ்கூல் சோறு, முட்டை.
4.00 தண்ணீர் ஒரு டம்ளர்.
4.30 பல் தேய்த்தோம்.
ராத்திரி 7.30 தோசை ஒன்று. பல் தேய்த்தோம்.

ஐந்து வரிக்கு அரை மணி நேரம் ஆனது. தாளில் ஏற்றிவிட்டேன். எழுத்து பரவாயில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில்தான் அண்ணாச்சி கடை. அண்ணாச்சி நம் ஊர்ப் பக்கம்தான். நான் கேட்க வேண்டாம். போய் நின்றாலே ஐஸ் பெட்டியைத் திறந்து சின்னப் பாட்டில் கருப்புக் கலர் ஒன்றை எடுத்து வைத்துவிடுவார். “மகனுக்கா தாயி?” என்று மெதுவாகக் கேட்பார். ஆமாம் என்பேன். பொய்யில்லை. ராஜா போட்டோவுக்கு முன்னால் தினமும் நாலு மணிக்கு ஒரு கலர் வைக்கிறேன். மூடியைத் திறந்து, புஸ் என்று சத்தம் வந்த பிறகுதான் வைப்பேன். அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்க வேண்டும்.


ஜூன் 11, புதன்

நேற்றுப் போலத்தான். சாம்பாருக்குப் பதில் தேங்காய்ச் சட்னி.

இவர் சாயப்பட்டறையிலிருந்து மதியமே வந்துவிட்டார். படுத்துக்கொண்டு போட்டோவைப் பார்த்தவர் கேட்டார்: “ஏளா, ஊர்ல அமாவாசைக்கு அமாவாசைதான் படைப்பாக. நீ தினமும் படைக்க. படைச்ச சோத்தைக் காக்கா திங்கும். கலரைக் காக்கா குடிக்குமா?”

“படைச்சதைக் கொட்டக் கூடாது.”

“நான் சக்கரைக்காரன், தொடமாட்டேன். நீயும் அவன் போனதிலேயிருந்து தொடுகதில்லைன்னு நேந்திருக்க. அப்ப யாருதான் குடிக்கா?”

“பின்னால வாதாமரத்துக்கு ஊத்துதேன்.”

“அதான் மரம் பட்டுப்போயி நிக்கி” என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மரம் நன்றாகத்தான் நிற்கிறது.


ஜூன் 12, வியாழன்

படைத்ததை வீட்டுப் பிள்ளைதான் எடுக்க வேண்டும். இந்த வீட்டில் பிள்ளை என்று வேறு யார் இருக்கிறார்கள்.

அவள் குடிப்பது பார்க்க நன்றாக இருக்கும். சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் கன்னம் இரண்டையும் உப்பிக்கொண்டு வைத்திருப்பாள். அப்புறம் கொஞ்சங் கொஞ்சமாக இறக்குவாள். அது நான் சொல்லிக்கொடுத்தது. ராஜா அப்படித்தான் குடிப்பான். வருஷத்துக்கு ஒரு தடவை, கோவில் கொடைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு பாட்டில் வாங்கிக் கொடுப்போம். தீர்ந்துவிடக் கூடாது என்று சங்கரன்கோவிலிலிருந்து ஊர் வரைக்கும் அதை வாயில் வைத்துக்கொண்டே வருவான். தன்ஷிகாவும் ஒரு டம்ளரை அரை மணி நேரம் குடிப்பாள். அந்த அரை மணி நேரமும் வேறு எங்கும் ஓடமாட்டாள். என் முழங்காலில் சாய்ந்துகொண்டு போட்டோவைப் பார்த்தபடி இருப்பாள்.

குடித்து முடித்ததும் உடனே கூட்டிப் போய்ப் பல் தேய்த்துவிடுவேன். பிரஷ்ஷில் பேஸ்ட்டை நிறைய வைத்து, மேலே கீழே, நாக்கு, எல்லாம் அழுத்தித் தேய்ப்பேன். வாய் மணக்கக் கூடாது. நாக்கில் கருப்பு நிற்கக் கூடாது. இந்த லைன் வீட்டில் எந்தத் தாய் தன் பிள்ளைக்கு இவ்வளவு அக்கறையாகப் பல் தேய்த்து விடுகிறாள்? அப்படியும் பல் போகிறது என்றால் அது அந்தக் குடும்பத்துப் பல். தங்கமாரி அப்பாவுக்கு நாற்பதிலேயே பல் செட்டு.

இன்று எழுத வேண்டியது: மூன்று இட்லி. நாலு மணிக்குத் தண்ணீர்.


ஜூன் 13, வெள்ளி

தங்கமாரி கம்பெனியிலிருந்து வந்ததும் தாளை வாங்கிப் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “நாலரைக்குக் கூடப் பல்லு தேய்ச்சு விடுதீங்களாக்கா? நான் பெத்தவ, எனக்கு இது தோணலையே” என்றாள்.

அந்தக் கையைப் பார்த்தேன். அதே கைதான்.

எழுதினால் என்ன. இது டாக்டரம்மா பார்க்கிற தாள் இல்லை. ராஜாவுக்கு டெங்கு. பெரிய ஆஸ்பத்திரியில் அஞ்சாவது நாள். ஊசி வழியாகத்தான் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெடித்துக் கிடந்தது. “எம்மா, ஒரு கலர் வாங்கித் தாயேன், ஒரே ஒரு வாய்” என்றான். மூன்று நாளாக அவன் கேட்டது அது ஒன்றுதான். நான் கீழே போய் வாங்கிவந்து அவன் பக்கத்தில் நின்று மூடியைத் திறந்தேன். சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தான். சிரித்தான். தங்கமாரி அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்து பாட்டிலை என் கையிலிருந்து பிடுங்கினாள். “அக்கா, நர்ஸ் சொன்னது மறந்துபோச்சா? கருப்பா செவப்பா எதுவும் குடுக்கக் கூடாது. வாந்தி எடுத்தா ரத்தமா என்னன்னு தெரியாமப் போயிரும்” என்றாள். கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றினாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

நர்ஸ் சொன்னது உண்மை. நானும் கேட்டேன். “நல்லானதும் ரெண்டு பாட்டில் வாங்கித் தாரேன்டா” என்று சொன்னேன். மறுநாள் விடியக் காலையில் போய்விட்டான்.

தங்கமாரி மேல் எனக்கு ஒன்றும் இல்லை.


ஜூன் 14, சனி

தன்ஷிகா இப்போது எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். நான் தாளில் ஏற்றும்போது தோளில் வந்து தொங்கினாள். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

“த... ண்... ணீ... ர். தண்ணீர். பெரியம்மா, நாலு மணிக்குத் தண்ணி இல்லையே, கலருல்லா குடிச்சேன்?”

“அது அண்ணன் குடிச்ச மிச்சம்ட்டி. படைச்சதுக்குப் பேரு சொல்லக் கூடாது. எழுதும்போது தண்ணின்னுதான் எழுதணும்.”

“அம்மாட்ட சொல்லவா?”

“சொன்னா அண்ணன் கோவிச்சுக்கிடுவான். அப்புறம் உனக்கு வைக்கமாட்டான்.”

போட்டோவைப் பார்த்தாள். “சொல்லமாட்டேன்டா அண்ணா” என்றாள். பிறகு இன்னொரு தடவை கூட்டி வாசித்தாள். தண்ணீர். தப்பில்லாமல் வாசித்தாள்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கரிவாய் என்று பேர் வைத்திருக்கிறார்களாம். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாள். ஆறு வயசுப் பிள்ளை கல்யாணப் பெண் மாதிரி வாயை மூடிச் சிரிப்பதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கிறது.


ஜூன் 15, ஞாயிறு

இன்று பிள்ளை அவர்களோடு. தங்கமாரி தம்பி மகளுக்குக் காதுகுத்து, மண்டபத்தில். தாளை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

நாலு மணிக்கு வைத்த பாட்டில் அப்படியே இருக்கிறது. சத்தம் அடங்கிவிட்டது.


ஜூன் 16, திங்கள்

தாள் திரும்பி வந்தது. தங்கமாரி குண்டு குண்டாக எழுதியிருக்கிறாள். பூரி. பிரியாணி. ஐஸ்கிரீம் கொஞ்சம். அப்புறம் ஒரு கட்டத்தில்: கலர், ஒரு டம்ளர், 1.15.

“எழுதாம விட்டிருக்கலாமேட்டி” என்றேன்.

“பொய் எழுதினா மருந்து எப்படிக்கா குடுப்பாங்க?” என்றாள். “பந்தியில எல்லாப் பிள்ளைகளும் குடிச்சுது. இவ மொகத்தைப் பாக்கப் பாவமா இருந்துச்சு. ஒரே ஒரு டம்ளர்தான் குடுத்தேன்.”

ஏழு நாளில் அந்தத் தாளில் கலர் என்ற எழுத்து ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது.


ஜூன் 17, செவ்வாய்

டாக்டரம்மா தாளை இரண்டு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். பேனாவால் ஒரு வட்டம் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில்.

“பெரியம்மா பாத்துக்குற ஆறு நாளும் சுத்தமா இருக்குது. உங்க கையில இருந்தது ஒரே நாளு. அன்னைக்கே கலர், ஐஸ்கிரீமு. நானே கோவப்படக் கூடாதுன்னு பாக்குறேனுங்க. உண்மையைச் சொல்லுங்க, வேலை முடிஞ்சு வரும்போது தினமும் வாங்கிட்டு வர்றீங்களா? ராத்திரி குடிச்சுட்டே தூங்குதா?”

“சத்தியமா இல்ல டாக்டர்” என்றாள் தங்கமாரி.

டாக்டரம்மா குனிந்து பிள்ளையிடம் கேட்டாள்: “கண்ணு, கலர் யாரு குடுப்பாங்க உனக்கு?”

தன்ஷிகா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்க மட்டும் செய்தேன்.

“அம்மா” என்றாள்.

அது பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை கொடுத்தது அம்மாதான்.

தங்கமாரி பிள்ளையையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா அவளுக்குப் பாடம் எடுத்தாள். கலரில் சீனி ஒரு பக்கம், புளிப்பு ஒரு பக்கம். சீனியைத் தின்று பூச்சி பெருகும், புளிப்பு பல்லின் மேல்பூச்சைக் கரைக்கும். சீனி போடாத கலர் என்று விற்பதும் கரைக்கத்தான் செய்யும். மடமடவென்று குடித்துவிட்டால் கூடப் பரவாயில்லை, வாயில் வைத்து வைத்துக் குடிப்பதுதான் எல்லாவற்றையும் விடக் கேடு. வாய் தன் எச்சிலால் கழுவிக்கொள்ள நேரமே கிடைக்காதாம்.

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். “நாலரைக்கு எதுக்குங்க பல்லு தேய்க்குறீங்க?”

“ஸ்கூல்ல மிட்டாய் திம்பா டாக்டர்.”

“நல்ல பழக்கந்தான். ஆனா ஒண்ணு. கலர் மாதிரி புளிப்பு எதுவும் குடிச்சிருந்தா உடனே பிரஷ் வைக்கவே கூடாதுங்க. அந்நேரம் பல்லு மேல்பூச்சு இளகிக் கெடக்கும். ஈரச் சொவத்தைத் தேய்ச்சா சுண்ணாம்பு கையோட வந்துருமில்லீங்க, அந்த மாதிரி. தண்ணி விட்டுக் கொப்புளிச்சிட்டு, அரை மணி நேரமாவது கழிச்சுத்தான் தேய்க்கோணும்.”

எட்டு மாதம். லீவு நாளில் இரண்டு பாட்டில். ஒவ்வொரு தடவையும் உடனே.

“உங்களுக்குச் சொல்லல, பொதுவாச் சொல்றேன்” என்று டாக்டரம்மா சிரித்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பல் பிடுங்க வரச் சொன்னாள். பஸ்ஸில் தன்ஷிகா இன்றும் என் மடிதான்.


ஜூன் 18, புதன்

ஒற்றைச் சுவர். கொழுந்தன் பேசுவது அப்படியே கேட்கிறது.

“அண்ணி பிள்ளையச் சாகக் குடுத்துட்டு நிக்கா. அவ கையில உன் பிள்ள பத்திரமா இருக்கு. நீ பெத்தவ, பல்லைப் பிடுங்குத அளவுக்குக் கொண்டு வந்துட்ட. சம்பாதிச்சுக் கிழிக்கப் போனியோ?”

அடி விழுந்த சத்தம் ஒன்று. ஒன்றுதான்.

இவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். “போயி வெலக்கி விடேன்.”

“புருஷன் பொண்டாட்டிக்குள்ள நான் போகவா” என்றேன். உலையில் அரிசி போட்டிருந்தேன். குழைந்துவிட்டது.


ஜூன் 20, வெள்ளி

நான்கு நாளாகப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. வாயில் சீழ். மாத்திரை கொடுக்கிறார்கள். போட்டோவுக்கு முன்னால் நாலு பாட்டில் வரிசையாக நிற்கிறது. நான் ஒன்றும் கல்மனசுக்காரி இல்லை.


ஜூன் 24, செவ்வாய்

பல் பிடுங்கினார்கள். நாலு.

மரத்துப்போக ஊசி போடும்போதே பிள்ளை வீறிட்டது. தங்கமாரி, “என்னால பாக்க முடியலக்கா” என்று வெளியே போய்விட்டாள். கையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். நான் பிடித்தேன். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து ஒரே கையில் பிடிக்கலாம், அவ்வளவு சின்னக் கை. “பெரியம்மா விடு, பெரியம்மா விடு” என்று கத்தினாள். நான் விடவில்லை. ஒவ்வொன்றும் வரும்போது ஈர விறகு முறிகிற சத்தம். ஒரு பல் பாதியில் உடைந்துவிட்டது. மிச்சத்தைக் குடைந்து எடுத்தார்கள்.

நான் கண்ணை மூடவில்லை. ராஜா மூச்சு விட்டு விட்டு இழுத்ததையே பார்த்தவள் நான். பெற்றவள் பார்க்க முடியாது என்று வெளியே போகிற சலுகை அன்றைக்கு எனக்கு யாரும் கொடுக்கவில்லை.

கடைவாயில் புதுசாக வந்த நாலுக்கும் ஏதோ வைத்து அடைத்தார்கள். இரண்டு தாக்குப்பிடிக்கும், இரண்டுக்கு உத்தரவாதம் இல்லை என்றாள் டாக்டரம்மா. பதினைந்து வயசுக்குள் போய்விடலாமாம்.

வெளியே வந்ததும் தன்ஷிகா அவள் அம்மாவைத் தாண்டி வந்து என் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மாங்காய்க் கலர்ச் சேலை. ரத்தக்கறை போகவில்லை.


ஜூன் 25, புதன். அமாவாசை

ராஜாவுக்குப் படையல். சோறு, அவரைக்காய், அப்பளம், கலர். காக்கை வந்து அப்பளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனது.

தன்ஷிகா காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். பிடுங்கிய பல்லை டாக்டரம்மா கொடுத்துவிட்டிருக்கிறாள். “பெரியம்மா, இதைக் கூரையில போடணுமா? பல்லு விழுந்தா போடணும்னு ஸ்கூல்ல சொன்னாங்க.” ‘ஸ்கூல்’ என்பது ‘ஹூல்’ என்று வருகிறது.

ராஜாவின் பால் பல் ஒன்று என்னிடம் இருக்கிறது. இங்கே தகரக் கூரை, போட்டால் உருண்டு சாக்கடையில் விழும் என்று, ஊருக்குப் போகும்போது போடலாம் என்று குங்குமச் செப்பில் வைத்தேன். போகவே முடியவில்லை. இன்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவனுடையது அரிசி மாதிரி வெள்ளை. இவளுடையது எரிந்த வேர்க்கடலை மாதிரி.

அவனுக்கு ஒரு பல் கூடச் சொத்தை இல்லை. அவனுக்குத்தான் நான் கலரே கொடுக்கவில்லையே.


ஜூன் 30, திங்கள்

காலையில் எட்டு மணிக்குப் பிள்ளை வரவில்லை. போய்க் கதவைத் தட்டினேன். தங்கமாரி கம்பெனிக்குப் போகாமல் பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

“வேலையை விட்டுட்டேன்க்கா.”

“என்னட்டி சொல்லுத?”

“தாளைப் பாத்தேன்க்கா. நீங்க பாத்த நேரமெல்லாம் பிள்ள நல்லா இருந்திருக்கு. கெட்டதெல்லாம் எங்கிட்ட இருந்த நேரந்தான். டாக்டரும் அதான் சொல்லுதாங்க, அவுகளும் அதான் சொல்லுதாக. என்ன குடுத்து இப்படி ஆச்சுன்னு எனக்கே தெரியல. பால்ல போட்ட சீனியோ என்னமோ. பாவி, பெத்த பிள்ளைய நான் பாக்கல. உங்க தலையிலயே கட்டிட்டேன். இனிமே வீட்டுலயே பிசிறு வெட்டுதேன். நானே ஸ்கூல்ல விடுதேன், நானே கூட்டிட்டு வாரேன். நீங்க இவ்வளவு நாள் பட்ட பாடு போதும்க்கா.”

என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

“எனக்கு என்னட்டி பாடு?” என்றேன். “நான் சும்மாதான இருக்கேன். நீ வேலைக்குப் போ. நான் பாத்துக்கிடுதேன்.”

“இல்லக்கா. மனசு கேக்கல.”

அவள் மேல் தப்பில்லை என்று காட்ட என்னிடம் ஒரு உண்மைதான் இருந்தது. அதைச் சொன்னாலும் பிள்ளை வராது.

வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்தேன். எல்லாவற்றையும் தேய்த்தேன். தேய்த்ததையும் தேய்த்தேன்.


ஜூலை 4, வெள்ளி

சுவருக்கு அந்தப் பக்கம் கத்திரிக்கோல் சத்தம் நாள் பூராவும். பனியன் ஓரத்து நூலை வெட்டி வெட்டிப் போடுகிறாள். நாலு மணிக்குத் தன்ஷிகா அங்கே பாடம் வாசிக்கிறாள். போட்டோவுக்கு முன்னால் வைக்க இடமில்லாமல் பாட்டில்களைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கியிருக்கிறேன்.

இவர் குனிந்து பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “மரத்துக்கு ஊத்தலையா?” என்றார்.

“மழை பெய்யுது” என்றேன்.

“மழை பெய்யலயே” என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று அவருக்கும் பயம்.


ஜூலை 7, திங்கள்

நானே ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நேர்ந்ததை மீறினேன். அவன் மாதிரி கன்னத்தில் வைத்திருந்தேன். விழுங்க முடியவில்லை. முற்றத்தில் துப்பினேன். எறும்பு வந்தது.


ஜூலை 9, புதன்

மூணே முக்காலுக்குத் தங்கமாரி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, வெட்டின பீஸை இன்னைக்கே குடுத்தாகணுமாம். கம்பெனிக்குப் போய்ட்டு ஒரு மணி நேரத்துல ஓடி வந்துருதேன். இவளைக் கொஞ்சம் பாத்துக்கோங்க. உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா.”

தன்ஷிகா அவள் கையை உதறிவிட்டு உள்ளே வந்தாள். தங்கமாரி சந்து திரும்புகிற வரைக்கும் நான் வாசலில் நின்றேன். திரும்பி வந்து பார்த்தால் பிள்ளை போட்டோவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. சொல்லாமலே. கதவைச் சாத்து என்று எனக்குக் கையைக் காட்டியது.

“பெரியம்மா, அண்ணன் குடிச்சிட்டானா?”

ஒன்பது நாளாக இந்த வீட்டில் ஒரு மனுசர் என்னிடம் இது வேண்டும் என்று ஒன்றைக் கேட்கவில்லை.

“உனக்கு வாய்ப் புண்ணு ஆறலட்டி.”

“ஆறிட்டு. இந்தா பாரு.” வாயைத் திறந்து காட்டினாள். முன்னால் வெறும் ஈறு. இளஞ்சிவப்பாக, பிறந்த பிள்ளை வாய் மாதிரி இருந்தது. ராஜாவுக்கு ஆறு மாதத்தில் இப்படித்தான் இருந்தது.

“குடுக்கலன்னா நான் எங்க வீட்டுக்குப் போறேன்” என்றாள். எழுந்தும்விட்டாள்.

இன்று வாங்கிய புதுப் பாட்டில். மூடியைத் திறந்தேன். சத்தம் கேட்டுச் சிரித்தாள். வாயை மூடிக்கொள்ளாமல் சிரித்தாள்.

அரை டம்ளர்தான் ஊற்றினேன். அவள் பாட்டிலைப் பிடித்து மீதியையும் ஊற்றிக்கொண்டாள். என் முழங்காலில் சாய்ந்து, கன்னத்தை உப்பி, அண்ணனைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். ஓரத்தில் ஒழுகியது. முன்னால் அடைக்கப் பல் இல்லை. முந்தானையால் துடைத்துவிட்டேன்.

இந்தத் தடவை உடனே பிரஷ்ஷை எடுக்கவில்லை. டாக்டரம்மா சொன்னபடி வாய் கொப்புளிக்க வைத்து, கடிகாரத்தைப் பார்த்து அரை மணி நேரம் கழித்துத்தான் தேய்த்துவிட்டேன். மெதுவாகத் தேய்த்தேன். முன்னால் நாலு இல்லாததால் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது.

தங்கமாரி வேர்த்து வடிய ஓடி வந்தாள். இடுப்பிலிருந்து மடித்த தாளை எடுத்தாள். டாக்டரம்மா இந்த மாதத்துக்குப் புதுத் தாள் கொடுத்திருக்கிறாளாம், ஒரு நாள் விடாமல் இவளே எழுதுகிறாளாம்.

“என்னக்கா குடிச்சா? எழுதணும்.”

நான் வாயைத் திறப்பதற்குள் தன்ஷிகா முந்திக்கொண்டாள்.

“தண்ணி.”

முன்பல் இல்லாமல் அவளுக்குத் ‘த’ வருவதில்லை. ‘ஹண்ணி’ என்றுதான் வந்தது. தங்கமாரிக்குப் புரிந்துவிட்டது. சுவரில் தாளை வைத்து எழுதிக்கொண்டாள்.